பாட்டுப் பாடுற பிரஷ்ஷு

வா தம்பி, இப்பிடித் திண்ணையில ஒக்காரு. கையில என்ன பொட்டணம்? பிரஷ்ஷா? பிள்ளைக்குப் பல் வெளக்கவா? எம்புட்டு? எண்ணூறு ரூவாயா! சரி, சரி. உன் காசு. நான் ஒண்ணும் சொல்லல.

பட்டனை அமுக்குனா பாட்டுப் பாடுதாக்கும். தலை கிறுகிறுன்னு சுத்துதாக்கும். செல்லுல ஒரு முதலைப் பொம்மை வரும், ரெண்டு நிமிசம் தேய்ச்சா ஒரு நட்சத்திரம் குடுக்கும், ஏழு நட்சத்திரம் சேர்ந்தா முதலைக்கு ஒரு தொப்பி கிடைக்கும். ஏம்ப்பா, பல்லு உன் பிள்ளைக்கா, முதலைக்கா?

சிரிக்காத. எங்க வீட்டுக்கும் ஒண்ணு வந்துச்சு. மெட்ராஸ்ல இருந்து மகன் கூரியர்ல அனுப்பி விட்டான். பேரனுக்கு மூணு வயசு. முத நாள் பாட்டுக் கேட்டான். ரெண்டாம் நாள் பாட்டுக்கு ஆடுனான். மூணாம் நாள் போய்ப் பாத்தா, பிரஷ்ஷுத் தலையைப் பிடுங்கிப் போட்டுட்டு, அடியில இருக்க மோட்டாரைத் தீப்பெட்டிக்குள்ள சொருகி மண்ணுல லாரி ஓட்டிக்கிட்டு இருக்கான். அந்தப் பய பொழைச்சுக்கிடுவான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அவன் பல்லுதான் பொழைக்குமான்னு தெரியல.

இப்ப நான் என்ன சொல்லுவேன்னு எதிர்பாக்குற? ‘எங்க காலத்துல வேப்பங்குச்சிதாம்ப்பா, எம்பது வயசுலயும் கரும்பு கடிச்சோம்’னு ஆரம்பிப்பேன்னுதானே? மேடையில அப்பிடிப் பேசுற ஆளுக நெறைய இருக்காக. கைதட்டும் விழுகும். அவுகளை ஒருக்கா வாயைத் தொறக்கச் சொல்லிப் பாரு. இந்தா, என் வாயைப் பாரு. வெக்கம் என்ன, எண்ணிக்கோ. மேல நாலு, கீழ அஞ்சு. ஆக ஒம்பது. அதுலயும் மேல இருக்கதுக்கும் கீழ இருக்கதுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

வேப்பங்குச்சி நல்லதுதான். நான் இல்லங்கல. ஆனா ஊரே தினம் வேப்பங்குச்சி ஒடிச்சுச்சுன்னு யாரு சொன்னா? விடியுமுன்ன பருத்திக் காட்டுக்கு ஓடுறவனுக்குக் கையில ஆம்புட்டதுதான் பல்பொடி. அடுப்புக்கரி. சாம்பல். செங்கப்பொடி. குண்டாத்துல எறங்குனா குண்டாத்து மணல். மணலை வச்சுத் தேய்ச்சா வெண்கலப் பானையிலேயே வரி விழுகும், பல்லு எம்மாத்திரம்? பல்லு மேல ஒரு மினுமினுப்பு இருக்கு பாரு, எனாமல்ங்கிறாக. அது தேய்ஞ்சா தேய்ஞ்சதுதான். நகமா, முடியா, திரும்ப வளர? நான் அறுபது வருசம் சுத்தமா இருக்கேன்னு நெனைச்சே கரைச்சுப்புட்டேன்.

ஆலும் வேலும்னு ஒரு பழமொழி சொல்லுவாகள்ல? அந்த வேலு நாட்டுக் கருவேலம். இப்ப நம்ம சீமையில கண்ணுக்கு எட்டுன தூரம் நிக்கிறது சீமைக்கருவேல். போன கோடையில பட்டணத்துல இருந்து ஒரு தம்பி வந்துச்சு. தாடி எல்லாம் வச்சுக்கிட்டு, ‘தாத்தா, பாரம்பரியத்துக்குத் திரும்பணும்’னுச்சு. திரும்பு ராசான்னேன். கம்மாய்க்கரையில போய் சீமைக்கருவேல் கெளையை ஒடிச்சு வாயில வச்சுருச்சு. முள்ளு உதட்டுல ஏறிருச்சு. பாரம்பரியம் மூணு நாளைக்கு வீங்கிப் போய்க் கெடந்துச்சு.

அந்தச் சீமைக்கருவேலைத்தான் நம்ம ஆளுக வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி லாரியில ஏத்தி விடுறாக. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போனா மூட்டம் புகைஞ்சுக்கிட்டு இருக்கும், பாத்திருப்ப. மூட்டத்துல வேகுறவன் வாங்குற கூலி உனக்கே தெரியும். அன்னைக்கு அருப்புக்கோட்டையில ஒரு கடையில கருப்பா ஒரு டியூப்பு. என்னய்யா இதுன்னேன். ‘கரிப் பேஸ்ட்டு தாத்தா, இப்ப இதுதான் பேஷன்’னாரு. வெலையைக் கேட்டேன். கேட்டுட்டு, ‘ஒரு மூட்டம் அப்பிடியே எங்க ஊருல கெடக்கு, எடுத்துக்கிடுறீகளா?’ன்னேன். அவரு சிரிக்கல. கரி பல்லைச் சொரண்டிரும்னு பல் டாக்டருகளே எச்சரிக்கை பண்றாக. நாங்க ஓசியில கரைச்ச பல்லை நீ காசு குடுத்துக் கரைக்கணுமா?

எங்க பெரியாத்தா ஒருத்தி இருந்தா. மூக்குப்பொடியை விரல்ல தொட்டு ஈறுல தேய்ச்சாத்தான் அவளுக்குப் பொழுதே விடியும். கேட்டா ‘பல்லு வலிக்குடா’ம்பா. பல்லு போனதுக்குப் பெறகும் தேய்ச்சா. வலிச்சது பல்லு இல்ல, பழக்கம். இந்தக் கூத்து நாடு பூராம் இருந்துருக்கு. பல்பொடியிலயும் பேஸ்ட்டுலயும் புகையிலையைச் சேர்க்கக் கூடாதுன்னு 1992ல மத்திய சர்க்கார் தடையே போட வேண்டியதாப் போச்சுன்னா பாத்துக்கோ. எங்களுக்கு வாய்ச்சது ரோஸ் கலரு கோபால் பல்பொடி. உள்ளங்கையில கொட்டுனா பாதி பல்லுக்கு, பாதி நாக்குக்கு. ருசிக்காகவே ரெண்டு தடவை வெளக்குன பயலுக உண்டு. பழசு எல்லாம் பொன்னுன்னு எவனாவது சொன்னா, என் வாயைக் கைகாட்டி விடு.

சரி, உன் பிள்ளை வெவகாரத்துக்கு வருவோம்.

‘பால்பல்லுதானே தாத்தா, எப்பிடியும் விழப்போகுது’ன்னு போன மாசம் நீதானே சொன்ன? எனக்கு மறதி உண்டு, ஆனா இந்த மாதிரிப் பேச்சு மறக்காது. உன் பிள்ளைக்கு ஒரு வயசுல குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்துன. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பிளெக்ஸ் வச்ச. பிள்ளை சிரிக்கிற படம், சுத்தி உங்க மாமன் மச்சான் நாப்பது பேரு கும்பிடுற படம். கிடா வெட்டு, பந்தி, மைக் செட்டு. அந்தப் பிளெக்ஸ்ல உன் பிள்ளை வாயில நாலு பல்லு தெரிஞ்சுச்சு. நாப்பது பேருல ஒருத்தராவது அந்த நாலு பல்லைத் தொடைச்சு விடணும்னு நெனைச்சீகளா? முதப் பல்லு மொளைச்ச ஒடனே ஈரத் துணியை விரல்ல சுத்தித் தொடைக்கலாம், இல்லாட்டிச் சின்னப் பிரஷ்ஷால தேய்க்கலாம். ஒரு வயசுக்குள்ள ஒருக்கா பல் டாக்டர்கிட்டக் காட்டணும்னு சொல்றாக. காதுக்கு ஆசாரி வர்ற வயசுல வாய்க்கு டாக்டரு. என்ன தப்பு?

பால்பல்லு மொத்தம் 20. ஆறு மாசத்துல தலைகாட்டும், ரெண்டரை, மூணு வயசுக்குள்ள எல்லாம் வந்துரும். முன்பல்லு ஆறு, ஏழு வயசுல ஆடி விழுகும். அந்தப் பக்கம் உள்ள கடவாப்பல்லு எப்ப விழுகும்? பத்து, பன்னெண்டு வயசு ஆகும் தம்பி. அது வரைக்கும் பிள்ளை எதை வச்சுச் சோறு மெல்லுவான்? செல்லை வச்சா?

இன்னொரு சங்கதி. நம்ம புஞ்சையில வரப்புக்கல்லு எதுக்கு ஊனுறோம்? கல்லு நமக்குச் சோறு போடாது. ஆனா கல்லைப் பிடுங்கிப் பாரு, மறு உழவுக்குள்ள பக்கத்துப் புஞ்சைக்காரன் ஒரு சாண் உள்ள வந்துருவான். கேட்டா ‘கல்லு இங்கதான் இருந்துச்சு’ம்பான். பால்பல்லும் வரப்புக்கல்லுதான். அடியில மொளைக்கப் போற நெசப்பல்லுக்கு எடத்தைப் பிடிச்சு வச்சுருக்கு. சொத்தையாகிக் காலத்துக்கு முன்னாடியே பிடுங்குனா, பக்கத்துப் பல்லு சாஞ்சு எடத்தை ஆக்கிரமிச்சுக்கிடும். பெறகு உரிய பல்லு வந்து நிக்க எடம் இல்லாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்கும். அப்பறம் நீ மதுரைக்குப் போய்ப் பல்லுக்குக் கம்பி கட்டுவ. கம்பிவேலி போடுற செலவுக்கு வரப்புக்கல்லைக் காப்பாத்திருக்கலாம்.

பல்லு விழுந்தா நாங்க சாணி உருண்டைக்குள்ள வச்சுக் கூரை மேல எறிவோம். இப்பக் கூரையும் இல்ல, சாணியும் இல்ல. எம் பேத்தி பல்லு விழுந்த அன்னைக்கு மாடிக்கு ஏறிப் போய்த் தண்ணி டேங்க்கு மேல எறிஞ்சா. மருமகப்பிள்ளை அதை வீடியோ எடுத்தாரு. எறியறதுக்கு முந்தி அந்தப் பல்லை நான் ஒருக்காப் பாத்தேன். பாதி கருப்பு.

ஆறு வயசு ஆகுறப்ப ஒரு களவாணித்தனம் நடக்கும், அதையும் கேட்டுக்கோ. கடைசிப் பால்பல்லுக்குப் பின்னாடி, எந்தப் பல்லும் விழுகாமலே, சத்தமில்லாம ஒரு கடவாப்பல்லு மொளைக்கும். மேல ரெண்டு, கீழ ரெண்டு. பெத்தவுக அதையும் பால்பல்லுன்னு நெனைச்சு விட்டுருவாக. அது நெசப்பல்லு. சாகுற வரைக்கும் கூட வர வேண்டியது. என் வாயில மொதல்ல போனது அந்த நாலுதான். எப்ப வந்துச்சுன்னும் எனக்குத் தெரியாது, எப்பப் போச்சுன்னும் எங்க அப்பனுக்குத் தெரியாது.

பல்லு ஏன் சொத்தையாகுதுன்னு நீ செல்லுல படிச்சுருப்ப. நான் எனக்குத் தெரிஞ்ச பாசையில சொல்றேன். வாயில கிருமி குடியிருக்கு. அதைக் காலி பண்ண முடியாது, அது பட்டா வாங்கிருச்சு. நீ இனிப்பு தின்னா அதுவும் தின்னும். தின்னுட்டு அமிலத்தைக் கக்கும். அமிலம் பல்லை அரிக்கும். எச்சில் ஊறி அதைக் கழுவி, அரிச்ச எடத்தைக் கொஞ்சம் சரிபண்ணப் பாக்கும். எச்சில்தான் வாய்க்கு மழை. மழை பெய்ய அவகாசம் வேணும்ல? நீ என்ன பண்ற? காலையில டீயும் பன்னும். ஒம்பது மணிக்கு அஞ்சு ரூவா பிஸ்கட்டு. அழுதா மிட்டாயி. அழுகையை நிறுத்துனதுக்கு ஒரு மிட்டாயி. பஸ்ல போகையில ஜூஸ் பாக்கெட்டு. மடையைத் தொறந்து போட்டுக்கிட்டே இருந்தா எந்தக் கம்மாய் பெருகும்?

ராத்திரி ஆச்சுன்னா வாய் நம்ம கரிசக்காடு மாதிரி. தூங்குறப்ப எச்சில் சுரக்குறது ரொம்பக் கொறைஞ்சு போகும். அந்த நேரம் பாத்துப் பால்புட்டியில சீனி போட்டுப் பிள்ளை வாயில சொருகி, தொட்டிலை ஆட்டி விட்டா? பால் விடிய விடிய முன்பல்லு மேல நிக்கும். ரெண்டு வயசுப் பிள்ளைக்கு மேல் வரிசை பூராம் கரிக்கட்டையாப் போன வீடு நம்ம தெருவுலயே ரெண்டு இருக்கு. கேட்டா, ‘பூச்சி அரிச்சுருச்சு’ம்பாக. பூச்சிக்குச் சாப்பாடு யாரு போட்டா?

ஒங்க வீட்டுல வெள்ளைச் சீனி கிடையாது, தெரியும். நாட்டுச்சக்கரை, கருப்பட்டி, மலைத்தேனு, பேரீச்சம்பழம். போன வாரம் உன் வீட்டுக்காரி எம் மருமகளுக்கு அரைமணி நேரம் வகுப்பு எடுத்துச்சு. நல்ல பிள்ளை, ஆசையாத்தான் சொல்லுது. ஆனா தாயிகிட்டச் சொல்லு, கிருமி சாதகம் பாக்காது. பனையில வந்ததா, கரும்புல வந்ததான்னு விசாரிக்காது. ஒட்டுறது எது, அதுதான் அதுக்குக் கொண்டாட்டம். கருப்பட்டி மிட்டாயோ கடலை மிட்டாயோ, சோறு தின்ன கையோட ஒண்ணு குடு, தின்னட்டும், வாயைக் கொப்புளிக்கட்டும். நாள் பூராம் நக்குறதுக்குக் கையில குடுத்து அனுப்பாத. அம்புட்டுத்தான்.

பேஸ்ட்டு வாங்குன கதையையும் சொல்லிரு. ‘புளோரைடு இல்லாதது’ன்னு எழுதியிருக்கதாப் பாத்து ரெட்டை வெலைக்கு வாங்குனியாமே? இல்லாத சாமானுக்கு ரெட்டை வெலை! பல்லைக் கெட்டிப்படுத்தறதே அந்தப் புளோரைடுதானப்பா. 2021ல உலக சுகாதார நிறுவனம் புளோரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே சேர்த்துருக்கு. டியூப்பு முதுகுல பொடி எழுத்துல பிபிஎம்னு ஒரு கணக்கு இருக்கும், 1000 இருக்கான்னு கண்ணாடியைப் போட்டுப் பாரு. டிவியில காட்டுற மாதிரி பிரஷ்ஷு நெடுகப் பாம்பு கணக்கா நெளிச்சு வைக்காத. அது பேஸ்ட்டு சீக்கிரம் தீரணும்னு நெனைக்கிறவன் எடுத்த படம். மூணு வயசுக்குள்ள ஒரு அரிசி அளவு. மூணுல இருந்து ஆறு வரைக்கும் ஒரு பட்டாணி. ஸ்ட்ராபெரி வாசம்னா பிள்ளை முழுங்கிரும், பாத்துக்கோ. நாங்க நக்குன பல்பொடிக் கதை திரும்பிரும்.

‘புளோரைடு வெசம்னு சொல்றாகளே’ன்னு இழுக்குற. அதுலயும் கொஞ்சம் நெசம் இருக்கு, இல்லங்கல. அது தண்ணிக் கதை. தருமபுரிப் பக்கம் போர்த் தண்ணியில புளோரைடு கூடிப் போய், பல்லு எல்லாம் பழுப்பாகி, எலும்பே கோணிக்கிட்டு, அதுக்குன்னே ஒகேனக்கல்ல இருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தாக. நம்ம விருதுநகர் மாவட்டத்துலயும் அங்கங்க நிலத்தடித் தண்ணியில அது கூடத்தான் இருக்கு. ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுங்கிறது கணக்கு. பல்லு ஈறுக்குள்ள உருவாகுற வயசுல அந்தத் தண்ணியையே குடிச்சா, மொளைக்கிறப்பவே வெள்ளைத் திட்டு விழுகும், முத்துனா பழுப்பு வரி. எங்க அத்தை மகன் ஒருத்தனுக்கு அப்பிடித்தான். ‘சோம்பேறிப் பய, பல்லே வெளக்க மாட்டான்’னு வாத்தியாரு அடிப்பாரு. அவன் ஈறு கிழியத் தேய்ப்பான். கறை போகுமா? அது மேல ஒட்டுன கறை இல்ல, உள்ளுக்குள்ள நெய்த சாயம். அருப்புக்கோட்டைத் தறிக்காரரைக் கேளு, நூல்லயே ஏத்துன சாயம் வெளுத்தாப் போகுமான்னு.

அதனால போர்த் தண்ணி குடிக்கிற வீடுன்னா தண்ணியை ஒருக்கா சோதிக்கக் குடு. பேஸ்ட்டை அரிசி அளவுல வச்சு, துப்பப் பழக்கு. கொழம்புக்கு உப்பு வேணும். அதுக்காக உப்புத் தண்ணிக் கெணத்துல மொண்டு கொழம்பு வைக்க முடியுமா? அதுக்குப் பயந்து உப்பே இல்லாமத் தின்னுவியா?

இப்ப அந்த எண்ணூறு ரூவா பிரஷ்ஷைக் குடு. இதைப் பிள்ளை கையில குடுத்துட்டு நீ என்ன பண்ணுவ? செல்லைப் பாப்ப. முதலை பாத்துக்கிடும்னு நெனைப்ப. தம்பி, சட்டைப் பொத்தானைத் தானே போடத் தெரியாத பிள்ளைக்குக் கடவாப்பல்லு சந்துக்குள்ள பிரஷ்ஷை விடத் தெரியுமா? ஏழு, எட்டு வயசு வரைக்கும் உன் கைதான் வெளக்கி விடணும். பிள்ளை மொதல்ல தன் ஆசைக்குத் தேய்ச்சுக்கிடட்டும், பெறகு நீ வாங்கிக்கோ. பின்னாடி நின்னு, தலையை உன் வயித்துல சாச்சுக்கோ, வாய் நல்லாத் தெரியும். ரம்பம் அறுக்குற மாதிரி இழுக்காத. மாவு சலிக்கிற மாதிரி சின்னச் சின்ன வட்டம். ரெண்டு நிமிசம். துப்பச் சொல்லு. துப்புன பெறகு சொம்புச் சொம்பாத் தண்ணி ஊத்திக் கொப்புளிக்க வேண்டாம், பேஸ்ட்டு கொஞ்சம் பல்லுல தங்கட்டும். காலையில விட்டாலும் விடு, ராத்திரி விடாத. வெளக்குன பெறகு தண்ணியைத் தவிர எதுவும் வாயில போகக் கூடாது.

அது சரி, நீ ராத்திரி வெளக்குறியா?

என்ன, கம்மாய்ப் பக்கம் வேடிக்கை பாக்குற? கேள்வி ஒன்னையத்தான். பரோட்டா தின்னுட்டு, வெத்தலை போட்டுட்டு, அப்பிடியே கட்டில்ல சாயிறவன் பிள்ளைக்கு ‘பிரஷ் பண்ணுடா’ன்னு சொன்னா எப்பிடிக் கேப்பான்? குரங்குக்குட்டி தாயைப் பாத்துத்தான் தாவுது. உன் பிள்ளை ஒன்னைப் பாத்துச் செல்லு நோண்டக் கத்துக்கிட்டானா இல்லையா? யாரு வகுப்பு எடுத்தா? ராத்திரி சாப்பிட்ட பெறகு முத்தத்துல ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க. நீ உன் பல்லை வெளக்கு, அவன் ஒன்னையப் பாத்து வெளக்கட்டும். பாட்டு வேணும்னா நீயே பாடு. பிரஷ்ஷை விட மோசமாப் பாட மாட்ட.

ஸ்காட்லாந்துன்னு ஒரு சீமை. அங்க ‘சைல்ட்ஸ்மைல்’னு ஒரு திட்டம். நர்சரிப் பிள்ளைகளைத் தினம் ஒண்ணா ஒக்கார வச்சு டீச்சரம்மா மேற்பார்வையில பல் வெளக்க வைக்கிறாக. பாட்டுப் பிரஷ்ஷும் இல்ல, முதலையும் இல்ல. பிள்ளைகளுக்குச் சொத்தை கொறைஞ்சுச்சு, சர்க்காருக்கு வைத்தியச் செலவும் கொறைஞ்சுச்சு. பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை வெளக்குறதை விடப் பெரிய மருந்து உண்டா? நம்ம அங்கன்வாடியில சோத்துக்கு முந்திக் கை கழுவ வரிசை கட்டுறாகள்ல, அந்த வரிசையிலேயே இதையும் சேர்த்துக்கிட்டா யாரு வேண்டாம்பா?

நம்ம ஊருலயும் ஒண்ணுமே நடக்கலன்னு சொல்லிறக் கூடாது. 2013ல இருந்து அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேன்ல டாக்டருக வந்து பிள்ளைகளைப் பாக்குறாக, பல்லையும் சேர்த்துத்தான். சொத்தை இருந்தா சீட்டு எழுதிக் குடுக்குறாக. அந்தச் சீட்டு வீட்டுக்கு வந்து என்ன ஆகுது? எங்க வீட்டுல ஒரு சீட்டுல மருமக கடுகு மடிச்சு வச்சுருந்தா. நான் பிரிச்சுப் பாத்தப்பத்தான் பேத்திக்கு மூணு சொத்தைன்னு தெரிஞ்சுச்சு. உலக சுகாதார நிறுவனம் 2022ல போட்ட கணக்குப்படி, உலகத்துல 51 கோடிப் பிள்ளைகளுக்குப் பால்பல்லு சொத்தையாம். அதுல மூணு பல்லு கடுகு டப்பாவுக்குள்ள இருந்துருக்கு.

இன்னொண்ணு. ‘சோறு திங்கலைன்னா பல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுருவேன்’னு பிள்ளையை மெரட்டாத. முந்தி அய்யனாரு, பூச்சாண்டி எல்லாம் இருந்துச்சு, அதை வச்சுக்கோ. டாக்டரைப் பூச்சாண்டி ஆக்குனா, வலி வந்த அன்னைக்கு அந்தப் பிள்ளை கட்டிலுக்கு அடியில போய் ஒளியும். வலி வந்துதான் போகணும்னு இல்ல. அருப்புக்கோட்டைக்குச் சந்தைக்குப் போற அன்னைக்கு அப்பிடியே கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலயும் கேட்டுட்டு வா. வாயைத் தொறந்து காட்டுறதுக்குக் காசா பணமா?

சரி, எந்திரி. நரிக்குடி பஸ்ஸு வர்ற நேரம். அந்தப் பிரஷ்ஷைத் திருப்பிக் குடுக்க முடிஞ்சா குடு, முடியலைன்னா எம் பேரன்கிட்டக் குடுத்துரு, லாரிக்கு இன்னொரு மோட்டாரு கேட்டுக்கிட்டு இருக்கான். இருவது, முப்பது ரூவாய்க்கு மெத்துனு மயிரு வச்ச சின்னப் பிரஷ்ஷு ஒண்ணு பிள்ளைக்கு வாங்கு. ஒனக்கும் ஒண்ணு வாங்கு. நாளைக்கு இந்த வழியா வந்தா, ராத்திரி ரெண்டு பேரும் வெளக்குனீகளான்னு மட்டும் சொல்லிட்டுப் போ.